கெட்ட செய்தி முதல்ல யார்கிட்ட போகுது?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு நாலு பேர் சேர்ந்தாச்சு. டீம் லீடர் யாரு?

பெரும்பாலான காலேஜ்களில் இந்தக் கேள்விக்கு இரண்டே நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். யார் நல்லா கோடு அடிக்கிறாங்களோ, அவங்க. அப்படி யாரும் இல்லையா? யார்கிட்ட வேகமான லேப்டாப் இருக்கோ, அவங்க. அதுவும் இல்லையா? ஹெச்.ஓ.டி. ரூமுக்குள் தைரியமா நுழையுற ஆள். மேட்டர் ஓவர்!

காலேஜில் இது ஓகே பாஸ். மிஞ்சிப்போனால் வைவாவில் நாலு கேள்விக்கு முழிக்க வேண்டியிருக்கும். ஆனால், வேலைக்குப் போன பிறகும் இதே ஃபார்முலாதான் ஓடுது என்பதுதான் பெரிய காமெடி. ஆறு பேர் இருந்த எங்கள் சாஃப்ட்வேர் டீமுக்கு டெக்னிக்கல் லீட் யாரென்று பரிந்துரைக்கும் வேலை என் தலையில் விழுந்தபோதுதான், இது இரண்டு நிமிடக் கேள்வி இல்லை என்று புரிந்தது. காரணம், நாங்கள் சாஃப்ட்வேர் எழுதியது ஒரு கம்பி மில்லுக்கு.

கம்பிக்கும் ஜாதகம் உண்டு!

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறினால் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை எல்லாம் தாண்டிக் கடைசி ஸ்டேஷன். வழியில் இறங்கும் காலேஜ் பசங்க கூட்டம் போனதும், பெட்டியில் மிச்சம் இருப்பது பெரும்பாலும் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள்தான். இறங்கி சிப்காட் பக்கம் போனால் இரும்பு ராஜ்ஜியம். பழைய இரும்பை ஏற்றிக்கொண்டு உள்ளே போகும் லாரிகள், கட்டடக் கம்பியை ஏற்றிக்கொண்டு வெளியே வரும் லாரிகள்.

நாங்கள் வேலை பார்த்த மில்லில் நடப்பது இதுதான். இரும்பை ஃபர்னஸில் உருக்குவார்கள். ஒருமுறை உருக்கி ஊற்றுவதற்கு 'ஹீட்' என்று பெயர். ஒவ்வொரு ஹீட்டுக்கும் ஒரு நம்பர். அந்த உருக்கில் கார்பன் எவ்வளவு, கந்தகம் எவ்வளவு, பாஸ்பரஸ் எவ்வளவு என்று லேபில் பார்ப்பார்கள். பிறகு அதை பில்லட்டாக வார்த்து, பில்லட்டை உருட்டிக் கம்பியாக்கி, தண்ணீர் பாய்ச்சி, ஆறவைத்துக் கட்டுக் கட்டாகக் கட்டுவார்கள். ஒவ்வொரு கட்டிலும் ஒரு டேக். அதில் அந்த ஹீட் நம்பர். லாரி கிளம்பும்போது அதே நம்பருக்கான டெஸ்ட் சர்டிஃபிகேட்டும் கூடப் போகும். சுருக்கமாகச் சொன்னால், டேக்தான் கம்பியின் ஜாதகம்.

ஜாதகம் மாறினால் என்ன ஆகும்? கம்பியில் 'எஃப்.இ. 500' என்று இருந்தால், ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 500 நியூட்டன் விசை வரை அது நிரந்தரமாக நீண்டுவிடாமல் தாங்க வேண்டும் என்று அர்த்தம். '500டி' என்றால் அதே பலம்தான். ஆனால், கந்தகமும் பாஸ்பரஸும் இன்னும் குறைவாக இருக்க வேண்டும். உடைவதற்கு முன் இன்னும் அதிகமாக நீண்டு கொடுக்க வேண்டும். பார்க்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். 500டி கேட்டவருக்கு வேறு கம்பி போய், சர்டிஃபிகேட் மட்டும் 500டி என்று போனால், அது யாரோ ஒருத்தர் வீட்டுத் தூணுக்குள் போய் கான்க்ரீட்டில் புதைந்துவிடும். அப்புறம் அதை யாராலும் 'அன்டூ' பண்ண முடியாது!

டேக் அடிப்பது, சர்டிஃபிகேட் கொடுப்பது, எடைமேடையில் சரிபார்ப்பது... இந்த மூன்றும் எங்கள் சாஃப்ட்வேர்.

மின்னலும் நிதானமும்

எங்களுடையது அஜைல் டீம். இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரின்ட். தினமும் காலையில் 15 நிமிடம் நின்றுகொண்டே மீட்டிங். நான் ஸ்க்ரம் மாஸ்டர். அதாவது, கோடு எழுதுவதைவிட 'என்னப்பா பிரச்னை' என்று கேட்பது அதிகம் இருக்கும் வேலை. அப்போது இருந்த டெக் லீட் கனடாவுக்கு டிக்கெட் போட்டுவிட்டார். அந்த இடத்துக்கு இரண்டு பேர் இருந்தார்கள்.

ஒருத்தர் மின்னல். பேர் அது இல்லை, நாங்கள் வைத்தது. மூன்று நாள் வேலையை ஒரு ராத்திரியில் முடிப்பார். காலையில் வந்து பார்த்தால் சிஸ்டம் வேகமாக ஓடும். எப்படி ஓடுகிறது என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

இன்னொருத்தர் நிதானம். பாலிடெக்னிக் முடித்துவிட்டு, நேரடியா செகண்ட் இயரில் சேர்ந்து பி.இ. படித்தவர். கோடு எழுதுவதற்கு முன்னால் மில்லுக்குப் போய் டேக் ஒட்டுகிற அண்ணன்களோடு அரை நாள் நின்றுவிட்டு வருவார். 'கை க்ளவுஸோட டச் ஸ்க்ரீனை அமுக்க முடியலையாம், பட்டனைப் பெருசாக்கணும்' என்பது போன்ற விஷயங்கள் எல்லாம் இவர் கொண்டுவந்ததுதான்.

மேனேஜர் சாருக்குச் சந்தேகமே இல்லை. "மின்னல்தான்ப்பா. சீனியர். டெக்னிக்கலா அவனை அடிச்சுக்க ஆள் இல்ல. ஃபார்மாலிட்டிக்கு நீ ஒரு மெயில் போட்டுடு."

மெயில் போட உட்கார்ந்தேன். அதற்கு முன் கொஞ்சம் புரட்டினால், இன்ட்ரஸ்டிங்கான ஒரு விஷயம் மாட்டியது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற மலை ரிசார்ட்டில் 17 பேர் கூடி வெளியிட்டதுதான் அஜைல் அறிக்கை. அதன் கொள்கைகளில் ஒன்று, நல்ல டிசைன் தன்னைத்தானே நடத்திக்கொள்ளும் டீமிலிருந்துதான் வரும் என்கிறது. ஸ்க்ரம் வழிகாட்டியிலும் ப்ராடக்ட் ஓனர், ஸ்க்ரம் மாஸ்டர், டெவலப்பர்கள்... அவ்வளவுதான். டெக் லீட் என்ற பதவியே அதில் கிடையாது!

அப்புறம் எதுக்கு எல்லா கம்பெனியிலும் இந்த நாற்காலி? டீமில் யாராவது ஒருத்தர் எல்லாத் துண்டுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 'இந்த வழியில் போகலாம், இந்தக் கடனை இந்த ஸ்பிரின்ட்டில் அடைச்சிடலாம், இது ரிஸ்க், வேண்டாம்' என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அப்படி முடிவெடுக்க, உள்ளே என்ன நடக்கிறது என்ற உண்மை அந்த ஆளுக்குத் தெரிய வேண்டும். அந்த உண்மை பெரும்பாலும் கெட்ட செய்தியாகத்தான் இருக்கும்.

அப்போதுதான் ஒரு சின்ன வேலை செய்தேன். ஒரு ஸ்பிரின்ட் முழுக்க, யார் மாட்டிக்கொண்டால் யாரைத் தேடிப் போகிறார்கள் என்று பாக்கெட் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். கஷ்டமான லாஜிக் என்றால் மின்னலிடம் போனார்கள். ஆனால், 'நான் எதையோ உடைச்சுட்டேன்போல' என்ற விஷயம் மட்டும் ஒரு தடவைகூட மின்னலிடம் போகவில்லை.

ராத்திரி ரெண்டு மணி போன்

நோட்டு பாதிகூட நிரம்பவில்லை. மில்லில் நைட் ஷிஃப்ட். சப்போர்ட்டுக்கு நின்றது எங்கள் ட்ரெய்னி பையன். நெட்வொர்க் நடுவில் போய்த் திரும்பி வந்தது. அதன் பிறகு அடித்த டேக்குகளில் முந்தைய ஹீட்டின் நம்பரே தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. ஒரு ஹீட்டில் இத்தனை கட்டு வராதே என்று டேக் ஒட்டுகிறவர் சொல்ல, பையனுக்கு வேர்த்துவிட்டது.

டேக் மாட்யூல் எழுதியது மின்னல். நியாயமாக அவருக்குத்தான் போன் போயிருக்க வேண்டும். போனது நிதானத்துக்கு.

"அக்கா, தூங்கிட்டீங்களா? ஒரு சின்னப் பிரச்னை போல இருக்கு. இல்ல... பெருசானு தெரியலக்கா."

'யார் பண்ணது', 'ஏன் இப்படி ஆச்சு' என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. கேட்டது மூன்றே கேள்வி. "எந்தக் கட்டுல இருந்து சந்தேகம்? அதுல எதுவும் லாரி ஏறிடுச்சா? பக்கத்துல யாருப்பா இருக்கா, போனைக் குடு."

இரண்டு லாரி எடைமேடையில் நின்றுகொண்டிருந்தன. ஷிஃப்ட் இன்சார்ஜிடம் பேசி இரண்டையும் நிறுத்தச் சொன்னார். அதற்குப் பிறகுதான் மின்னலை எழுப்பினார். மின்னல் மின்னல்தான்! முக்கால் மணி நேரத்தில் ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டார். காலையில் கட்டுகளை எல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் புது டேக் போட்ட பிறகே லாரி கிளம்பியது.

மில் தரப்பில் செம கோபம். லோடு லேட். "யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?"

"நான்தான் சார் நிறுத்தச் சொன்னேன். எங்க கோடுல தப்பு இருந்தது" என்றார் நிதானம். எழுதினவர் பேரைச் சொல்லவே இல்லை.

பிறகு அந்தப் பையனிடம் தனியாகக் கேட்டேன். "ஏன்டா மின்னலுக்குப் போன் பண்ணல?"

"அண்ணன் திட்டல்லாம் மாட்டார் சார். 'இதுகூடத் தெரியாதா'னு ஒரு லுக் விடுவார்."

"போன்ல எப்படிடா லுக் தெரியும்?"

"தெரியும் சார்!"

சிரித்துவிட்டேன். ஆனால், விஷயம் சிரிப்பு இல்லை. அந்த லுக்குக்குப் பயந்து அவன் இன்னும் அரை மணி நேரம் தானே முட்டி மோதியிருந்தால், இரண்டு லாரியும் ஜி.என்.டி. ரோட்டில் எங்கேயோ போயிருக்கும்.

ஜப்பானில் டொயோட்டா ஃபேக்டரிகளில் லைன் ஓரமாக ஒரு கயிறு இருந்தது. கோளாறு என்று பட்டால், வேலை பார்க்கிற யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். உடனே லீடர் ஓடி வருவார். அங்கேயே சரிசெய்ய முடியவில்லை என்றால் லைன் நின்றுவிடும். 'ஆண்டோன்' என்பார்கள். கயிறு கட்டுவது ஈஸி. இழுத்தவனை முறைக்காமல் இருப்பதுதான் கஷ்டம். முறைக்கிற ஆளை லீடராக வைத்தால் கயிறு சும்மா தொங்கும்.

சாரின் முதுகுக்குப் பின்னால் ஒரு போட்டோ

மேனேஜர் சார் லேசில் இறங்கவில்லை. "ஒரு நைட்டுல நடந்ததை வெச்சு முடிவு பண்ணாதப்பா. அந்த ஓட்டையை அடைச்சது யாரு? மின்னல்தானே!"

நியாயமான கேள்விதான். பதில் அவர் சீட்டுக்குப் பின்னாலேயே தொங்கியது. அப்துல் கலாம் போட்டோ. சார் தீவிர கலாம் ரசிகர்.

கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, பறவைக் கணக்கில் சுமார் 40 கிலோமீட்டரில் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுகிற நாளில் மில்லில் வேலை பார்ப்பவர்கள் வெளியே வந்து வானத்தைப் பார்ப்பார்கள். "சார், அங்கே ஒரு டெக் லீட் செலக்‌ஷன் நடந்துச்சே..." என்று ஆரம்பித்தேன்.

எஸ்.எல்.வி-3. இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவு ராக்கெட். 22 மீட்டர் உயரம், 17 டன் எடை, நான்கு அடுக்கு. 1972-ல் இஸ்ரோவின் தலைவரானவர் சதீஷ் தவான். திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் மையத்தின் இயக்குநர் பிரம்ம பிரகாஷ். இவர்கள் காலத்தில் ப்ராஜெக்ட்டின் பொறுப்பு கலாமிடம் வந்தது. எரிபொருளில் கோவாரிகர், உந்துவிசையில் முத்துநாயகம், இன்னும் குருப், ஆராவமுதன் என்று அவரவர் துறையில் ஜாம்பவான்கள் இருந்தார்கள். இத்தனை பேர் இருக்கும்போது என்னை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று கலாமே தன் சுயசரிதையில் ஆச்சர்யப்பட்டிருக்கிறார். பல துறைகளில் அவரைவிட அதிகம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். எல்லா அடுக்கையும் ஒன்றாகச் சேர்த்து நிற்கவைக்க ஒருத்தர் வேண்டும். அந்த ஆள், எந்த அடுக்கிலும் நம்பர் ஒன்னாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

1979 ஆகஸ்ட் 10. முதல் ஏவுதல். கவுன்ட் டவுனின் கடைசிக் கட்டத்தில் கம்ப்யூட்டர் 'நிறுத்து' என்றது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலக் கசிவு. பக்கத்திலிருந்த நிபுணர்கள் 'இருப்பு போதும்' என்றார்கள். கலாம் ஏவச் சொன்னார். முதல் அடுக்கு அழகாக வேலை செய்தது. இரண்டாம் அடுக்கு கட்டுப்பாட்டை இழந்தது. ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பின்னாளில் பல மேடைகளில் அவரே சொன்ன கதை இது.

கவனிங்க... கெட்ட செய்தி வந்தது. ஆனால், அது சின்னது என்று முடிவெடுத்தது லீடர். நம்ம ஊர் வழக்கப்படி அடுத்து என்ன நடக்கணும்? கேப்டனை மாத்தணும்! தவான் மாற்றவில்லை. பத்திரிகையாளர்கள் முன்னால் தானே போய் உட்கார்ந்து தோல்விக்குப் பொறுப்பேற்றார். டீம் மேல் நம்பிக்கை இருக்கிறது என்றார். பிறகு நடந்த ஆய்வுக் கூட்டத்தில், கசிவை அலட்சியமாக எடைபோட்டது என் பொறுப்பு என்று கலாம் எழுந்து சொன்னார். 1980 ஜூலை 18-ல் அதே டீம், அதே லீடர். ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் ஏறியது. சொந்த ராக்கெட்டில் செயற்கைக்கோள் ஏவிய நாடுகளின் வரிசையில் சேர்ந்தது இந்தியா. அன்றைக்குப் பத்திரிகையாளர் சந்திப்பை 'நீ நடத்து' என்று கலாமிடம் கொடுத்துவிட்டார் தவான்.

"ஸோ சார், தேர்ந்தெடுக்கிறதோட நம்ம வேலை முடியல. நிதானம் லீடா வந்தா ஒருநாள் அவங்களும் சொதப்புவாங்க. அன்னிக்கு முன்னால போய் நிக்க வேண்டியது நீங்க" என்றேன். அவர் திரும்பி போட்டோவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, மூணு ஸ்பிரின்ட் பாக்கலாம்" என்றார்.

சுபம் போடுறதுக்கு முன்னாடி...

இது சினிமா இல்லை. மின்னலுக்குக் கோபம் வந்தது. வரத்தானே செய்யும்? கோடு நல்லா எழுதினால் அடுத்து லீட் என்றுதான் நம்ம கம்பெனிகள் சொல்லிவைத்திருக்கின்றன. அவருக்குத் தனியாக, கஷ்டமான சிக்கல்களை மட்டும் பார்க்கும் பொறுப்பு கொடுத்தோம். சம்பளமும் குறையவில்லை. ஆனாலும் சில வாரங்கள் ஸ்டாண்ட் அப் மீட்டிங்கில் ஊமைப்படம்தான்.

நிதானம் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "உங்க மாதிரி என்னால எழுத முடியாதுங்க. நீங்க எழுதுறப்ப அந்தப் பையனைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கங்க. அது போதும்." முதலில் முனகினார். பிறகு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

மூன்றாவது ஸ்பிரின்ட்டில் நான் சொன்னது நடந்தது. மில் ஆட்களுக்குக் காட்டிய டெமோ பாதியில் படுத்துவிட்டது. எடைமேடை இணைப்பை மாற்றி எழுதலாம் என்று நிதானம் எடுத்த முடிவுதான் காரணம். எல்லாரும் அவரைப் பார்க்க, மேனேஜர் சார் எழுந்தார். "இது எங்க டீமோட பிரச்னை. அடுத்த வாரம் இதே நாள் காட்டுறோம்." அவ்வளவுதான் பேசினார். அடுத்த வாரம் காட்டினோம்.

எட்டு மாதம் கழித்து மின்னல் பெங்களூருக்குப் போய்விட்டார். நல்ல சம்பளம், பெரிய கம்பெனி. எங்களுக்கு இழப்புதான், மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால், டேக் மாட்யூல் நின்றுபோகவில்லை. அதை இப்போது பார்த்துக்கொள்வது, ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் பண்ணின அந்தப் பையன்!

உங்க டீமுக்கு யாரு?

திருவள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஆளை ஆராய்ந்து வேலையைக் கொடுப்பது பற்றிப் பத்துக் குறள். ஆராய்வதற்கு ஹெச்.ஆர். டிபார்ட்மென்ட் தேவையில்லை. உங்கள் ப்ராஜெக்ட் டீமையே ஒரு வாரம் சும்மா கவனிங்க...

லேபில் எர்ரர் வந்ததும் எல்லாரும் யார் சீட்டை நோக்கித் திரும்புகிறார்கள்? அதுவும் கெட்டிக்காரத்தனத்துக்காகவா, பயமில்லாமல் கேட்கலாம் என்பதற்காகவா?

'எனக்குத் தெரியலை, கேட்டுச் சொல்றேன்' என்று டீமில் யாருக்குச் சொல்ல வருகிறது?

ரெண்டு பேர் ரெண்டு வழி சொல்லும்போது, யார் இரண்டையும் முழுசாகக் கேட்டுவிட்டு ஒன்றை முடிவு செய்கிறார்கள்? எல்லாத்துக்கும் தலையாட்டுகிற நல்லவரும் லீட் ஆக முடியாது பாஸ். லாரியை நிறுத்தச் சொல்லும் தைரியமும் வேணும்.

யார் இரண்டு நாள் லீவு போட்டால் மொத்த வேலையும் நின்றுவிடுகிறது? அவர் பெரிய திறமைசாலி. ஆனால், அவரை லீடராக்கும் முன் நன்றாக யோசிங்க.

டெக்னிக்கல் அறிவு முக்கியம் இல்லை என்று யாராவது இதைப் படித்துவிட்டுச் சொன்னால் நம்பாதீங்க. நிதானத்துக்குக் கோடு தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் அந்த மூன்று கேள்வியைக் கேட்டிருக்கவே முடியாது. அது இருந்தால்தான் உள்ளே என்ட்ரி. அதற்கு மேல் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஃபர்ஸ்ட் ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி உங்கள் ப்ராஜெக்ட் கண்டிப்பாகக் கிராஷ் ஆகும். அது எல்லா பேட்ச்சுக்கும் நடக்கிற சடங்கு! அப்போது, கிராஷ் ஆக்கினவன் முதலில் யாருக்குப் போன் பண்ணுவான் என்று இப்போதே யோசித்துப் பாருங்க. அந்தப் பேரை லீடர் என்ற இடத்தில் எழுதிக் கொடுத்துடுங்க.